பதம் போட்ட நாக்கு

குண்டாகப் பிறந்தவளின் உடம்பு ஊருக்கே பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம். ஆற்காட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த அம்மாளும் சொன்னார். அவர் ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பார்.

"பொண்ணுக்குச் சதை ஜாஸ்தி. அப்பாவும் சர்க்கரை வியாதியிலதான் போனாராம். வேலூர் ஆஸ்பத்திரியில மூத்திரத்தைச் சோதிச்சிடலாம். நாங்களும் வர்றோம். அப்புறம் கல்யாணப் பேச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிருந்தது. (வெட்கக்கேடுதான், இன்னா பண்றது?) அப்பாவுடைய வியாதி எனக்கும் இருக்குமோ என்ற பயம் வேறு.

ஆவாரம்பூ கஷாயம் சர்க்கரைக்கு நல்லது என்பார்கள். எங்கள் ஆம்பூரில் ஆவாரம் பட்டையை ஊறவைத்துத்தான் தோல் பதம் போடுவார்கள். நான்தான் மகா புத்திசாலியாயிற்றே! ஆட்டுத்தோலையே செருப்பாக்குகிற பட்டைக்குச் சர்க்கரை எம்மாத்திரம் என்று, தோல் வேலை செய்த மாமாவிடம் பட்டை வாங்கிச் சுண்டக் காய்ச்சி, கிளம்புமுன் ஒரு செம்பு குடித்துத் தொலைத்தேன்.

மாமாவோடு ஏறிய ரயில் வேலூர் சேர்வதற்குள், பட்டையின் துவர்ப்பில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. வாய் முழுக்கத் தோல் பையாகிவிட்டது.

டாக்டரம்மா என் மூத்திரத்தை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். சர்க்கரை இருந்தால் செங்கல் நிறமாகுமாம். நீலம் நீலமாகவே நின்றது. "சர்க்கரை இல்லம்மா" என்றார். நான் பட்டைக் கஷாயம் குடித்ததை மாமா சொன்னதும், ஒரு செம்பு கஷாயத்தில் ஓடுகிற வியாதியில்லை அது, எனக்கு முதலிலிருந்தே இல்லை என்று திட்டினார்.

அந்த அம்மாள் விடவில்லை. "இன்னா, பொண்ணு வாயே தொறக்கல? ஊமையா?"

பதில் சொல்லப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது. வந்த ஆத்திரத்தில் மேஜையிலிருந்த காலிக் குவளையை எடுத்து அவர் கையில் திணித்து, கழிப்பறைப் பக்கம் விரல் நீட்டினேன். மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "வந்தது வந்தீங்க, உங்களதையும் பார்த்துடலாம்."

"எனக்கா? இந்த எலும்புக்கா?" என்று அம்மாள் வீறாப்பாகவே போனார்.

சோதனைக் குழாயில் சுத்தமான செங்கல் நிறம். அவர் முகம் செத்துப்போயிற்று. எனக்கே பாவமாக இருந்தது.

கூட வந்திருந்த மாப்பிள்ளை சொன்னார்: "அம்மா, உன்னைக் காப்பாத்த இவளாலதான் முடியும்."

நான் இன்றும் குண்டுதான். யாருக்கும் பயந்து ஒரு கவளம் குறைக்கவில்லை. மாமியார் ஒளித்துவைக்கிற, ஜீராவில் ஊறிய மக்கன் பேடாவைப் பிடுங்கி அவர் எதிரிலேயே தின்கிறேன். அவர் திட்டுவார், நான் திருப்பித் திட்டுவேன். வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்வது ஒன்றுதான்:

"இவகிட்ட வாய் குடுக்காதீங்க. ஆவாரம் பட்டையில பதம் போட்ட நாக்கு, லேசுல கிழியாது!"