கஞ்சி போட்ட விண்வெளி வீரன்

கஞ்சி போட்ட வேட்டிக்கு ஊரில் மரியாதை உண்டு. கஞ்சி போட்ட மனிதனுக்குக் கிடையாது. இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஆனாலும் யாரும் விடுவதாக இல்லை.

மனிதன் நிலாவில் இறங்கி இருபத்தைந்து வருடம் ஆனதைக் கொண்டாட, பாலவனத்தம் பக்கம் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையை விண்வெளி அருங்காட்சியகம் ஆக்கினோம். உள்ளே அட்டை ராக்கெட், களிமண் கோள்கள். வெளியே முற்றத்தில் சாம்பல் கொட்டிய நிலா. தண்ணீர்த் தொட்டி மேலிருந்து ஏணி வழியே அதில் இறங்க வேண்டிய வீரன், அறிவியல் வாத்தியாரான நான். (கல்யாணம் ஆகாதவன். அந்த வயதில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவோம்.) எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பா அன்றைக்குத்தான் என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். போட்டோவில் அந்தப் பெண்ணைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீரனுக்கென்று தைத்த வெள்ளை உடை தொளதொளவென்று இருந்தது. கூட வேலை பார்த்த செல்வராஜ் வீட்டில் விசைத்தறி ஓடியது. "ஏலே, பாவு நூலுக்குப் போடுற கஞ்சியில முக்கி எடுத்தா வெறைப்பா நிக்கும்" என்றான். முக்கினோம். ஈரத்தோடு மாட்டிக்கொண்டு, தலையில் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து, தொட்டி மேல் ஏறினேன். தலைமையாசிரியர் வரவேற்புரையை நீட்டி முழக்கினார். ஆடிக் காற்றும் வெயிலும் தங்கள் வேலையைப் பார்த்தன.

"இதோ, வீரர் இறங்குகிறார்!" என்றார் மைக்கில்.

காலைத் தூக்கினேன். முழங்கால் மடங்கவில்லை. இடுப்பும் மடங்கவில்லை.

"இறங்குகிறார்... இறங்கிக்கொண்டே இருக்கிறார்..."

பிள்ளைகள் கைதட்டி ஓய்ந்தார்கள். கடைசியில் நாலு பேர் ஏறி, பலகையை இறக்குவது மாதிரி என்னை இறக்கிச் சாம்பலில் கிடத்தினார்கள். என் காலைப் பிடித்திருந்த பெரியவர் மூச்சு வாங்கியபடி, "இங்க சயின்ஸ் சார்னு ஒருத்தரு இருக்காகளாம்ல, மாப்பிள்ளை பாக்க வந்தேன். அவுக எங்க?" என்று கேட்டார்.

செல்வராஜ் வாளியைக் கழற்றி, "இவுகதான்" என்றான்.

பெரியவர் என் முழங்காலை ஒருமுறை மடக்கிப் பார்த்தார். நேரே பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் கிடந்தபடியே அழுதேன்.

ஒரு வாரம் கழித்துச் சொல்லி அனுப்பினார்கள்: "பையன் நல்ல பையன்தான். கால்ல குறை இல்லைன்னு மட்டும் காட்டிரச் சொல்லுங்க." போனேன். அவர்கள் சொந்தபந்தம் மொத்தமும் பார்த்திருக்க, பெண் கதவோரம் சிரிப்பை அடக்க, சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தேன். "இன்னொருக்கா" என்றார் அவளுடைய சித்தி. மறுபடியும் எழுந்தேன். கல்யாணம் நடந்தது.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் எந்த மாப்பிள்ளை வந்தாலும் உட்கார்ந்து எழ வேண்டும். ஏனென்று பாதிப் பேருக்குத் தெரியாது, வழக்கம் என்கிறார்கள். போன மாதம் என் மகளைப் பார்க்க ஒரு பையன் வந்தான். இறுக்கமான ஜீன்ஸ் வேறு போட்டிருந்தான், பாவம். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு எதிர்த்துப் பேசத் தெம்பில்லை.

"தம்பி, தப்பா நெனைக்காதீக" என்றேன். "கீழ ஒருக்கா உக்காந்து எந்திரிங்க."