குருதிக் கொடை வள்ளலுக்கு ஏறிய ஒரு பாட்டில் சலைன்

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்தேன். பல் துலக்கினேன், சவரம் செய்தேன். துறைமுகம் போகும் சாலையில் வழக்கமான தூரம் நடந்தேன். திரும்பி வரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குளித்துவிட்டு, முந்தின நாளே கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருந்த வேட்டியைக் கட்டினேன். காபி குடிக்கவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. வாய் கொப்பளித்தபோதுகூட ஒரு சொட்டு உள்ளே இறங்கிவிடாதபடி தலையைக் குனிந்தே கொப்பளித்தேன்.

என் தினக்குறிப்பில் அன்றைய பக்கம் இப்படித்தான் ஒழுங்காகத் தொடங்குகிறது. ஒழுங்கான ஆட்கள் சறுக்கும்போது அரைகுறையாகச் சறுக்குவதில்லை. அதையும் முறைப்படி, முழுமையாகச் செய்து முடிப்பார்கள். மீதிப் பக்கம் அதற்குச் சாட்சி.

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. தூத்துக்குடியில் படகுகளுக்கு வேண்டிய கயிறு, பெயிண்ட், மிதவை விற்கும் கடை வைத்திருக்கிறேன். அதற்கு மூன்று வருடம் முன்பு, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் பயறு அளவு ஒரு கட்டி வந்து, மதுரையில் அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். கட்டி போனது. கூடவே வேறொன்றும் போனது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரக்கச் சொல்லி உடம்புக்கு உத்தரவு போடுவது அந்தச் சுரப்பிதானாம். உத்தரவு நின்றது, சரக்கு வருவதும் நின்றது.

அந்த நாட்களில் கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்குவேன். முகத்தில் தாடி வளர மறந்துவிட்டது. யாராவது சிரிக்கச் சிரிக்கப் பேசினால், பாக்கி கேட்க வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பேன். என் மகள் கல்லூரியில் முதலாவதாக வந்த செய்தியோடு ஓடிவந்து நின்றபோது, "சரி" என்று மட்டும் சொன்னேனாம். அந்தச் "சரி"யை என் மனைவி செல்வக்கனி இன்றுவரை மறக்கவில்லை.

பிறகு திருநெல்வேலியில் ஒரு ஹார்மோன் டாக்டர் மூன்று வாரத்துக்கு ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி எழுதிக்கொடுத்தார். சில மாதங்களில் தாடி வந்தது, தெம்பு வந்தது. ஒருநாள் குளிக்கும்போது பாடினேன். (பாட்டு சகிக்காது. ஆனாலும் செல்வக்கனி கதவுக்கு வெளியே நின்று முழுவதையும் கேட்டிருக்கிறாள்.) அந்த வாரமே மகளை உட்காரவைத்து, அந்தப் பழைய முதல் மதிப்பெண்ணைப் பற்றி ஒரு மணி நேரம் விசாரித்தேன். "எப்பா, போதும்ப்பா" என்று அவளே எழுந்து போனாள்.

ஊரில் மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ஆண் ஹார்மோன் ஊசி என்றால் எங்கள் கடைத்தெரு என்ன நினைக்கும் என்று எனக்குத் தெரியும். கேட்பவர்களுக்கு "விட்டமின் ஊசி" என்று சொல்லிவைத்தேன்.

அந்த வருடம் மே மாதம்தான் சிக்கல் வந்தது. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரத்தத்துல சிவப்பணுக்களோட பங்கு அம்பத்தஞ்சு சதவீதம் இருக்கு. இந்த ஊசிக்கு இப்படி ஏறும். ஆனா அம்பத்திநாலத் தாண்டக் கூடாது, ரத்தம் கெட்டியாகி எங்கயாவது உறைஞ்சிரும். மூணு வாரத்துல திரும்ப எடுத்துப் பாப்போம். அப்பவும் இப்படியே இருந்தா ஊசிய நிறுத்திவைக்கணும்."

அதற்குப் பிறகும் அவர் பேசினார். தண்ணீர் என்றார், குறட்டை என்றார். என் காதில் "நிறுத்திவைக்கணும்" மட்டும்தான் விழுந்தது. நிறுத்தினால் மறுபடியும் கல்லாவில் தூங்கும் அந்த ஆள். மறுபடியும் அந்தச் "சரி".

ரத்தம் அதிகம் என்று கேட்டதும் செல்வக்கனி சமையலறையில் அவசரச் சட்டம் கொண்டுவந்தாள். ரத்தம் ஊறவைக்கும் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது. பீட்ரூட், மாதுளை, பேரீச்சை, ஆட்டு ஈரல் எல்லாம் தள்ளிவைக்கப்பட்டன. பிறகு நிறத்தை வைத்தே தீர்ப்புச் சொல்லத் தொடங்கினாள். தக்காளி ரசம் போனது. சங்கரா மீன் சிவப்பாக இருந்த குற்றத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டது. இட்லி, தேங்காய்ச் சட்னி, சொதி என்று வெள்ளை வெளேரென்று சாப்பிட்டேன். "மக்ரூன் வெள்ளதான, அத திங்கலாம்" என்றாள். (முட்டை வெள்ளையில் செய்யும் அந்த இனிப்புக்குப் பேர்போன நம் ஊரில் பிறந்ததற்கு அந்த ஒரு சலுகையாவது கிடைத்தது.)

அப்போதுதான் என் மச்சினன் சுடலைமணி வந்தான். செல்வக்கனியின் தம்பி. முத்தையாபுரத்தில் எலெக்ட்ரிக் கடை. இளம் வணிகர் சங்கத்துக்குச் செயலாளர்.

"அத்தான், சங்கத்துல ரத்த தான முகாம் போடுதோம். பெரிய மனுசன் ஒருத்தர் மொதல்ல கொடுத்தாத்தான் மத்தவன் கைய நீட்டுவான். யாரக் கேக்கன்னு தெரியல."

"நான் தாரேன்" என்றேன்.

மணி என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். அதுவரை நான் அவனுக்கு அறிவுரை தவிர எதையும் கொடுத்ததில்லை. எனக்கோ மனசுக்குள் கணக்கு கச்சிதமாக முடிந்திருந்தது. ரத்தம் அதிகம்; கொஞ்சம் கொடுத்தால் குறையும்; மறு பரிசோதனையில் தேறுவேன்; ஊசி நிற்காது; ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது மட்டும் அந்தக் கணக்கில் இல்லை.

பரிசோதனைச் சீட்டில் எப்போதும் "வெறும் வயிற்றில் வரவும்" என்றிருக்கும். எங்கள் வீட்டில் வெறும் வயிறு என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான்: திருச்செந்தூர் முருகனுக்கு இருக்கும் சஷ்டி விரதம். எங்கள் வீட்டு சஷ்டியில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. ஆகவே ஒவ்வொரு பரிசோதனைக்கும் முந்தின சாயங்காலமே விரதத்தைத் தொடங்கிவிடுவேன். ரத்த தானத்துக்கும் அதையே செய்தேன். கொடுப்பதைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் அல்லவா?

முகாம் நடந்த மண்டபத்தை நெருங்கும்போதே நான் அங்கே இருந்தேன். வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ். என் கல்யாண வெள்ளி விழாப் படம். கீழே "குருதிக் கொடை வள்ளல்" என்று எழுதி, பின்னால் சூரியன் வேறு உதிக்க வைத்திருந்தான் மணி.

"ஏலே, நான் இன்னும் ஒரு சொட்டுகூடக் கொடுக்கலயேலே."

"கொடுத்துருவியல்லா அத்தான்? சும்மா வாங்க."

மேடையில் சால்வை போர்த்தினார்கள். கைதட்டினார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததால் ஏற்புரையைச் சுருக்கமாக முடித்தேன். பிறகு ஒரு நர்ஸம்மா என் விரலில் குத்தி, ஒரு சொட்டு எடுத்து, சின்ன மெஷினில் வைத்தார். எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடியும் குத்தினார்.

"எப்பா! அண்ணாச்சி, இது ரத்தமா, கருப்பட்டிப் பாகா? ஹீமோகுளோபின் பத்தொம்பதத் தாண்டுது!"

"எங்க அத்தான் ரத்தம்லா!" என்று மணி மண்டபத்துக்கே அறிவித்தான். இரண்டாவது முறை கைதட்டினார்கள். ஒரு உடற்கூறு உண்மைக்காகக் கைதட்டு வாங்கியது அதுதான் எனக்கு முதல் தடவை.

நர்ஸம்மா கைதட்டவில்லை. துணித் தட்டிக்குப் பின்னால் இருந்த டாக்டரம்மாவிடம் என்னை அனுப்பினார். டாக்டரம்மாவுக்கு என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.

"இவ்வளவு கூடுதலா இருந்தா இங்க எடுக்க முடியாது சார். ஏதாவது ஊசி, மருந்து எடுக்கறீங்களா?"

"விட்டமின் ஊசி."

"என்ன விட்டமின்?"

"எல்லாம் கலந்தது."

"எல்லாம் கலந்து அப்படி ஒரு ஊசி கிடையாதே சார். பேரு என்ன?"

குனிந்து மெல்லச் சொன்னேன். வறண்ட தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை, இருந்த எச்சிலையெல்லாம் கூட்டி விழுங்கி, மொத்த பலத்தையும் திரட்டிச் சொன்னேன். சரியாக அந்த நேரம் பார்த்து மண்டபத்தில் ஒருவரும் பேசவில்லை.

"டெஸ்டோஸ்டிரோன்!"

தட்டிக்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்றவர்களின் குரல் கேட்டது.

"அது பாடி பில்டருவ போடுத ஊசில்லா?"

"இல்லவே. அது வேற சோலிக்கு."

"அண்ணாச்சிக்கு இந்த வயசுல என்னவே சோலி?"

"அத்தான்!" என்றான் மணி. அந்த ஒரு சொல்லில் அதிர்ச்சி பாதி, மரியாதை பாதி.

இனி இங்கே ஒரு நிமிடமும் இருக்கக்கூடாது என்று கம்பீரமாக எழுந்தேன். எழுந்தது வரைதான் எனக்கு நினைவு இருக்கிறது. மற்றதைச் சாட்சிகள் சொன்னார்கள். துணித் தட்டியைக் கட்டிப்பிடித்தபடி, வரிசையில் நின்றவர்கள் காலடியிலேயே நீட்டி விழுந்தேனாம்.

கண் விழித்தபோது பெஞ்சில் கிடந்தேன். காலடியில் தலையணைகள், கையில் ஊசி, மேலே சலைன் பாட்டில். ரத்தம் கொடுக்கப் போட்டிருந்த பெஞ்சில் படுத்து, முகாமின் முதல் பாட்டிலை நான் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஃபேன் காற்று படக்கூடாதென்று யாரோ சால்வையைக் கழுத்துவரை போர்த்திவிட்டிருந்தார்கள்.

அந்த நேரம் துறைமுகத்தில் வேலைபார்க்கும் ஒருவர் ரத்தம் கொடுக்க வந்தார். வாசலில் என் படம் போட்ட ஃப்ளெக்ஸ். உள்ளே சால்வை போர்த்திக் கிடந்த நான். சுற்றிலும் வாய்பொத்தி நின்ற கூட்டம். அவர் செருப்பைக் கழற்றினார். கைகூப்பியபடி மெல்ல நடந்து வந்து, மணியின் தோளைத் தொட்டு, தணிந்த குரலில் கேட்டார்:

"எப்ப ஆச்சு?"

மணி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். "இன்னும் ஆகலங்க" என்று நான்தான் பதில் சொன்னேன். அந்த மனிதர் கத்திய கத்து வெளியே ரோட்டுக்குக் கேட்டிருக்கும்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "கடைசியா எப்ப சார் தண்ணி குடிச்சீங்க?"

"நேத்து சாயங்காலம்."

"போன தடவ டெஸ்டுக்கும் இப்படித்தானா?"

"ஆமா. வெறும் வயிறுன்னா வெறும் வயிறுதான?"

"வயிறு வெறுமையா இருக்கலாம் சார், நாக்கு வறள வேண்டாம். தண்ணி தாராளமா குடிக்கலாம்." பிறகு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "உப்பளத்துப் பாத்தியில தண்ணி வத்துனா என்ன ஆகும்? உப்பு புதுசா வருதா? இருக்கிறதுதான கெட்டியாகுது? உங்க ரத்தமும் அப்படித்தான். ஊசியால ஏறினது பாதி, நீங்களா வத்தவச்சது மீதி."

உப்பு ஊரில் பிறந்து ஐம்பத்திரண்டு வருடம் வளர்ந்தவன் நான். தலையைத் திருப்பிப் பாட்டிலைப் பார்த்தேன். அது நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப ஊசிய நிறுத்த வேண்டாமா?" என்று கேட்டேன். எத்தனையோ நாளாகத் தொண்டையில் நின்ற கேள்வி.

"அத உங்க டாக்டர் சொல்லணும். அளவக் குறைக்கலாம், பிரிச்சுப் போடலாம். ரத்தத்த எடுக்கணும்னாகூட அவர் எழுதிக்கொடுத்து ஆஸ்பத்திரியில எடுப்பாங்க. வழி நிறைய இருக்கு சார். ஒளிச்சு வைக்காதீங்க, அவ்வளவுதான்."

அவர் சொன்னதுதான் நடந்தது. வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுக் கொடுத்த மறு பரிசோதனையில் எண் ஐம்பத்திரண்டுக்கு வந்தது. ஊசி நிற்கவில்லை. சின்ன அளவாகப் பிரித்து, அடிக்கடி போடும்படி மாற்றினார்கள். தூக்கத்தில் குறட்டையால் மூச்சு தடைபட்டாலும் ரத்தம் கெட்டியாகுமாம்; அதற்கும் ஒரு சோதனை செய்தார்கள். அந்த வருடம் முடிவதற்குள் நாற்பத்தொன்பது. பீட்ரூட்டுக்கும் சங்கரா மீனுக்கும் இதில் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் சொன்ன அன்று செல்வக்கனி இரண்டையும் சமைத்தாள். இப்போதும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை செய்து, எண்ணைத் தினக்குறிப்பில் எழுதுகிறேன்.

கடைத்தெரு எண்களை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. வீட்டு விசேஷத்தில் நான் நாற்காலியில் சாய்ந்து லேசாகக் கண்ணை மூடினால் போதும், யாராவது ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பி வந்து, "எப்ப ஆச்சு?" என்பார். போன மாதம் அந்த வேலையைச் செய்தது என் மகள்.

ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தவை. அன்று ராத்திரி நான் ஊரை விட்டே போய்விடலாமா என்று யோசித்தபடிதான் படுத்தேன். மறுநாள் விடிந்ததும் வாசலில் மணி நின்றான். முந்தின நாள் சத்தத்தில் கால்வாசிகூட இல்லை.

"அக்கா அடுக்களையிலயா?"

"ஆமா. கேலி பண்ண வந்தியாலே?"

"இல்ல அத்தான்." திண்டாடினான். "எனக்கும் ரெண்டு வருசமா ஒண்ணும் சரியில்ல. கடையில உக்காந்தா கண்ணு சொக்குது. புள்ளைய பேசினாக்கூட எரிச்சலா வருது. யார்ட்ட போய்ச் சொல்ல? நேத்து நீங்க அங்கன அத்தன பேரு முன்னால சொன்னிய பாத்தியளா..."

"நானாச் சொல்லலலே. சொல்ல வச்சாவ."

"எப்படியோ சொன்னியல்லா. எனக்கு அது ஊசி கேஸா, வேற ஏதாச்சுமான்னு தெரியாது. ஒரு தடவ காட்டிட்டு வந்துருவோமே."

அன்று காலை முதல் வேலையாகத் திருநெல்வேலி டாக்டரின் கிளினிக்குக்குப் போன் போட்டு இரண்டு டோக்கன் கேட்டேன். ஒன்று என் பெயருக்கு. இரண்டாவது யார் பெயருக்கு என்று போனை எடுத்த பெண் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மணி போனை என் கையிலிருந்து வாங்கி, இனிஷியலோடு தன் முழுப் பெயரையும் சொன்னான்.