பம்பருக்குத் தேங்காய் எண்ணெய்

அன்று காலை எங்கள் வாசலில் இருந்தவர்கள் மொத்தம் நாலு பேர். நான், என் மனைவி சாந்தி, காரை வாங்க வந்த குன்னூர் தேயிலை ஏல ஆபீஸ் கிளார்க் பழனிச்சாமி அண்ணன், அப்புறம் ஒரு கரடி.

கரடி கடைசியாகத்தான் வந்தது.

காரை விற்றால்தான் கேரட் ஏற்ற ஒரு குட்டி லோடு வண்டி எடுக்க முடியும். எஞ்சின் தங்கம். ஆனால் கறுப்பு பிளாஸ்டிக் பம்பர் வெளுத்து, சாம்பல் பூசினது போல இருந்தது. அதைக் கறுப்பாக்கக் கடையில் ஒரு ட்யூப் வாங்கினேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ட்யூப் மேல் ஆங்கிலத்தில் பொடிப்பொடியாக எழுதியிருந்ததைப் பார்த்ததும் மூடியைத் திறக்காமலே வைத்துவிட்டேன். (பிளாஸ்டிக்கையே உருக்கிவிட்டால்?) சாந்தியின் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து, அரை லிட்டரையும் தேய்த்தேன். அடடா, என்ன கறுப்பு! முகம் பார்த்துத் தலை சீவலாம்!

பிறகு கவலைப்பட ஆரம்பித்தேன். தூசி ஒட்டுமோ, மழை கழுவிவிடுமோ, அண்ணன் மோந்து பார்ப்பாரோ. கோயில் விளக்கில் இருக்கும் எண்ணெயைக் கரடி குடிக்கிறது, உள்ளே வைத்துப் பூட்டுங்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவனும் நான்தான். அந்த ஒரு கவலை மட்டும் வரவில்லை.

ஏழு மணிக்கு வந்த அண்ணன், "பம்பர் புதுசுங்களா?" என்று வியந்துகொண்டே டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து கரடி இறங்கி வந்து, நேராகப் பம்பரை நக்க ஆரம்பித்தது. நானும் சாந்தியும் ஒரே பாய்ச்சலில் வீட்டுக்குள்.

"ஏனுங்கண்ணா, எறங்கீராதீங்க!" ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

"எறங்கற மாதிரியாங்க இருக்குது!"

சாந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்க, அது நக்கறது எந்தலைக்கு வாங்குன எண்ணெயா?"

அண்ணன் ஹாரன் அடித்தார். கரடி நிமிரவே இல்லை. நக்கி முடித்ததும் பம்பரைக் கடித்து, காரே ஆடும்படி இழுத்தது. டமார்! கழன்ற பம்பரோடு கரடி சரிவில் இறங்கிப் போயே போய்விட்டது.

லோடு வண்டி போச்சு என்று தலையில் கை வைத்தேன். அண்ணன் இறங்கி, காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"அத்தன ஆட்டு ஆட்டியும் கதவு ஒண்ணுகூடத் தெறக்கலீங்க. பாடி கெட்டி! நா எடுத்துக்கறேன். பம்பர் காசக் கழிச்சுக்கங்க."

லோடு வண்டி வந்துவிட்டது. அந்த ட்யூபை அண்ணனிடமே கொடுத்தேன்; அவருடைய புதுப் பம்பர் இன்னும் கறுப்பாகவே மின்னுகிறது. நான் எதைத் துடைக்க உட்கார்ந்தாலும் சாந்தி கேட்கிறாள்: "இன்னிக்கு யாருக்குங்க பந்தி?"

அவள் எண்ணெய்க் காசு மட்டும் இன்னும் பாக்கி. இருநூற்று நாற்பது ரூபாய்.