மூன்று கத்தி குத்திய இதயம்

அடுத்தவர் மனதைப் படித்துவிடலாம் என்று ஒருவன் நினைக்க ஆரம்பித்துவிட்டால், அவனுக்கு வயிறு நிறையச் சோறு போட்டுத் தூங்க வைத்துவிட வேண்டும். என் வீட்டில் அதைச் செய்யத் தவறிவிட்டார்கள். அதனால்தான் என் இருபத்து நான்காவது வயதில், சரியாக மூன்று வாரங்களுக்கு, நான் மனங்களைப் படிக்கும் மகானாக இருந்தேன். அந்த மூன்று வாரத்தில் என் அக்காவின் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தேன் என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்போது ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் கைப்பேசியில் பந்து விளையாட்டு பார்ப்பார்கள். நான் டாரோ கார்டு பார்ப்பது எப்படி என்று வீடியோ பார்ப்பேன். (எதுக்குன்னு கேக்குறீங்களா? பேக்கிங் பகுதியில ஒரு பொண்ணு இருந்துச்சு. அதுக்கு இதுல நம்பிக்கை. வேற ஒன்னும் இல்ல.) விஷயம் எளிதுதான். ஒரு கட்டுக்கு எழுபத்தெட்டு கார்டு, ஒவ்வொன்றிலும் ஒரு படம். கேள்வியை நினைத்துக்கொண்டு ஒன்றை உருவ வேண்டும். படத்தைப் பார்த்து, இன்னார் மனதில் இன்ன உணர்ச்சி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதானே, இதற்கு எதற்குப் படிப்பு என்று நினைத்து ஆன்லைனில் ஒரு கட்டு வாங்கிவிட்டேன்.

பார்சலை வாங்கிப் பிரித்தது அம்மா. அம்மாவுக்குச் சீட்டு என்றாலே ஆகாது. அவளுடைய அண்ணன் ஒருவர் சீட்டாட்டத்தில் மோட்டார் சைக்கிளைத் தோற்றுவிட்டு டுரியான் துங்காலிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தவர்.

"என்னடா இது, சீட்டா?"

"இல்லம்மா, படம்," என்று சொல்லி மேலே இருந்த இரண்டை எடுத்துக் காட்டினேன். என் அதிர்ஷ்டம், முதல் படத்தில் இறக்கை வைத்த சம்மனசு. இரண்டாவதில் கிரீடம் வைத்த போப்பாண்டவர் மாதிரி ஒருவர் கையைத் தூக்கி ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார். கோயிலில் கொடுக்கும் புனிதர் படம் மாதிரியே இருக்கிறதே என்று அம்மா இரண்டையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். அதே கட்டில் கொம்பு வைத்த பேய்ப் படமும் உண்டு. அது நடுவில் எங்கோ இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பெற்ற தாய் ஒன்றை ஆசையாக நம்பும்போது குறுக்கே பேசக்கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

இனி அக்காவுக்கு வருகிறேன். ரீட்டா அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள், ஒரு கிளினிக்கில் வேலை. அவளுக்கு டுரியான் துங்காலில் ஏர்கான் பழுது பார்க்கும் அருள் என்பவரைப் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னார் மகளைக் கட்டப்போகிறார், யாருக்காவது தடை தெரிந்தால் சாமியாரிடம் சொல்லுங்கள் என்று பூசையில் எல்லார் காதிலும் போடுவது. அக்காவுக்கு இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது அடுத்த ஞாயிறு.

சிக்கல் என்னவென்றால் மாப்பிள்ளை பேசமாட்டார். பெண் பார்க்க வந்த அன்று அவர் வாயிலிருந்து வந்தது மொத்தம் இரண்டு வார்த்தை. ஒன்று "வணக்கம்". இன்னொன்று "போதும்", அது கேசரிக்கு. அதன்பிறகு வாட்சப்பில் அக்கா பத்து வரி எழுதி அனுப்புவாள். அந்தப் பக்கம் அவர் டைப் செய்துகொண்டே இருக்கிறார் என்று கால் மணி நேரம் காட்டும். கடைசியில் ஒரு கட்டைவிரல் வரும். அக்கா கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். மேலிருந்து கீழ்வரை கட்டைவிரல்களாகவே இருந்தன.

வியாழக்கிழமை சாயந்திரம் நான் வேலை முடிந்து வந்ததும் என்னைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்தாள்.

"அவருக்கு என்னைப் புடிச்சிருக்கா, இல்ல அவங்க அம்மா புடிச்சுத் தள்ளி விட்டாங்களா, ஒன்னும் தெரியலடா சேவி. மூணாவது ஓல வாசிச்சிட்டா அப்புறம் திரும்ப முடியாது. நீ என்னமோ கார்டு பாக்குறியாமே. அவரு மனசுல என்ன இருக்குன்னு பாரு."

முப்பத்திரண்டு வயதுப் பெண், படித்தவள், தன் வாழ்க்கையை என் கையில் கொடுக்கிறாள். புத்தியுள்ளவன் என்ன செய்திருப்பான்? நேராக அவரிடமே கேளுக்கா என்றிருப்பான். நான் மேசையைத் துடைத்தேன். ஊதுவத்தி கொளுத்தினேன். கட்டை ஏழு தடவை கலைத்தேன். (ஏழு தடவைன்னு எந்த வீடியோவும் சொல்லல. நானா சேத்துக்கிட்டது.) அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவினாள்.

மேகம், கொட்டும் மழை, நடுவில் சிவப்பாக ஒரு இதயம். அதில் மூன்று கத்திகள் குத்தி மறுபக்கம் வந்திருந்தன. அந்தக் கார்டுக்கு மனக்காயம் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அவருக்குள் ஏதோ பழைய வலி இருக்கும் போல என்று அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மகான்கள் அப்படி நிறுத்துவதில்லை.

"மூணு கத்தி இருக்குல்ல? மூணு பொண்ணுங்கக்கா," என்றேன்.

"மூணா?"

"மூணு."

"இப்பவும் இருக்காங்களா?"

நான் கார்டைக் கண்ணருகே கொண்டுபோய் அவர்கள் வீட்டு விலாசம் தேடுகிறவன் மாதிரிப் பார்த்தேன். "கத்திய இன்னும் வெளிய எடுக்கலையே. குத்துன மாதிரியேதான இருக்கு," என்றேன்.

அக்கா எழுந்து அறைக்குள் போய்க் கதவை மெதுவாகச் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. பின்னாலேயே ஓடி, கார்டு சில சமயம் தப்பாவும் சொல்லும்க்கா, இது மலிவு கட்டுதான் என்று கதவுக்கு வெளியே நின்று கெஞ்சினேன். உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. குளித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் மேசையில் கட்டு இருக்கிறது, அந்தக் கார்டை மட்டும் காணோம். சோபாவுக்கு அடியில் தேடினேன், குப்பைத் தொட்டியைக் கிளறினேன், எங்கும் இல்லை. அக்கா எடுத்துக் கிழித்துப் போட்டிருப்பாள், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் அக்கா ஃபாதருக்குப் போன் செய்து, மூன்றாவது ஓலை வாசிக்க வேண்டாம், தடை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். எங்கள் பங்குக் கோயிலில் தடை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. காலங்காலமாகச் சும்மா வாசித்த வரிக்கு முதன்முதலில் வேலை கொடுத்தவன் நான். போனில் பேசும் விஷயம் இல்லை, சனிக்கிழமை சாயந்திரம் வீட்டுக்கு வருகிறேன், மாப்பிள்ளையையும் வரச் சொல்கிறேன் என்றார் ஃபாதர்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா லாரி எடுத்துக்கொண்டு ஜொகூர் போயிருந்தார். அம்மாவிடம் சொல்லத் தைரியம் இல்லை. அவள் என்னவோ கல்யாண விஷயமாகத்தான் ஃபாதர் வருகிறார் என்று சந்தோஷமாக வடைக்கு ஊறப்போட்டாள். அக்காவின் வீங்கிய கண்ணைப் பார்த்து, கல்யாணப் பொண்ணு அழத்தான் செய்யும், நான் ஒரு மாசம் அழுதேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை புக்கிட் காத்திலில் எங்கள் வீட்டு வாசலில் ஃபாதரின் காரும் அருளின் வேனும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அருள் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார். எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று அவருக்குத் தெரியாது. உள்ளே வந்து, தலைக்கு மேலிருந்த எங்கள் ஏர்கானை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார்.

சாமியார் வீட்டுக்கு வந்தால் முதலில் புனிதர்களை வைத்திருக்கும் பீடத்துக்கு முன்னால் நின்று செபம். அம்மா மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தாள். எல்லாரும் எழுந்து நின்றோம். ஃபாதர் நெற்றியில் சிலுவை போடக் கையைத் தூக்கியவர் அப்படியே நிறுத்தினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பீடத்துக்குக் கிட்டே குனிந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். (வீட்டு செபத்துக்கு ஒழுங்கா நின்னிருந்தா ரெண்டு நாளைக்கு முன்னமே பாத்திருப்பேன். டபுள் ஷிஃப்டுன்னு பொய் சொல்லித் தப்பிச்சுக்கிட்டிருந்தேன்.)

அந்தோணியாருக்கும் சூசையப்பருக்கும் நடுவில், பிளாஸ்டிக் பூ வைத்த சின்ன ஃபிரேமுக்குள், என் கார்டு.

"இது என்ன படம்மா?" என்று கேட்டார் ஃபாதர்.

"வியாகுல மாதாவோட இருதயம் ஃபாதர். தம்பி ஆன்லைன்ல வாங்கினான். மேசைமேல கிடந்துச்சு. ரீட்டா கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு எடுத்து வச்சேன்."

"வியாகுல மாதாவுக்கு ஏழு வாள் இருக்கணுமே. இதுல மூணுதான இருக்கு?"

"சின்னப் படம்லா ஃபாதர். இடம் பத்தியிருக்காது."

ஃபாதர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். கோயிலில் பாவசங்கீர்த்தனம் என்று செய்த பாவத்தைத் தட்டிக்குப் பின்னால் மண்டியிட்டுச் சாமியாரிடம் சொல்வதில் ஒரு வசதி உண்டு, முகம் தெரியாது. எனக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. அம்மா, அக்கா, மாப்பிள்ளை, ஆறிக்கொண்டிருக்கும் வடை, எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று பேக்கிங் பெண் தொடங்கி ஊதுவத்தி வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் மாறியது. மூன்று நாளாக அந்தக் கார்டுக்கு முன்னால் முழங்காலில் நின்று ஐம்பத்து மூன்று மணி செபமாலை சொல்லியிருக்கிறாள். செருப்பு வாசலில் இருந்ததும், நடுவில் ஃபாதர் நின்றதும்தான் என்னைக் காப்பாற்றின.

"சரி, அக்காகிட்ட என்ன சொன்ன? அதையும் சொல்லு," என்றார் ஃபாதர்.

அருளைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அத்தான் மனசுல மூணு பொண்ணுங்க இருக்காங்கன்னு."

அருள் இப்போது வெளியே போய்விடுவார், வேன் கிளம்பும், அக்கா வாழ்நாள் முழுக்க என்னை மன்னிக்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் ஃபாதர் பக்கம் திரும்பினார்.

"மூணு பேருதான் ஃபாதர். தம்பிக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னுதான் தெரியல," என்றார்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அதன்பிறகு அந்த மனிதர் பேச ஆரம்பித்தார். அவர் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

இதற்கு முன்னால் மூன்று இடத்தில் பெண் பார்த்திருக்கிறார். முதல் இடம் ஜாசின். அந்த வீட்டு ஏர்கானில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து, ஏன் சொட்டுகிறது என்று பெண்ணின் அப்பாவுக்கு விளக்கி, விளக்கம் போதாதென்று ஏணி கேட்டு வாங்கி அதைக் கழற்றியே காட்டியிருக்கிறார். இரண்டாவது இடத்தில் மத்தியானம் பேச ஆரம்பித்து விளக்கு வைக்கும் நேரம்வரை பேசியிருக்கிறார். பெண் நாற்காலியிலேயே தூங்கிவிட்டதாம். மூன்றாவது இடத்தில், மனதில் பட்டதைச் சொல்வது நல்லது என்று நினைத்து, கேசரியில் நெய் பத்தவில்லை என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் சிரித்தோம். ஃபாதரும் சிரித்தார். அருள் சிரிக்கவில்லை, அதைப் பார்த்து நாங்களும் நிறுத்திக்கொண்டோம்.

"மூணு வீட்டுலயும் ஒரே பதில்தான் சொல்லியனுப்புனாங்க. மாப்பிள்ள நல்லவரு, ஆனா வாயி அதிகம்னு. எனக்கு ரொம்ப வலிச்சிருச்சு ஃபாதர். இங்க வந்து ரீட்டாவப் பாத்த உடனே, இந்த ஒன்ன மட்டும் பேசிக் கெடுத்துக்கக் கூடாதுன்னு வாயக் கட்டிக்கிட்டேன்."

"அப்ப நான் அனுப்புனதுக்கெல்லாம் வெறும் கட்டவிரல் மட்டும் ஏன் அனுப்புனீங்க?" என்று அக்கா கேட்டாள்.

அருள் கைப்பேசியை எடுத்துத் திறந்து அவளிடம் நீட்டினார். எழுதி எழுதி அனுப்பாமல் விட்டதையெல்லாம் நோட்டில் சேர்த்து வைத்திருந்தார். அக்கா நின்றபடியே படித்தாள். விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள், அது முடியவே இல்லை. நடுவில் ஓரிடத்தில் சிரித்துவிட்டு எங்களுக்காகச் சத்தமாகப் படித்தாள். "உங்க வீட்டு ஏர்கான் ஒரு பக்கம் சாஞ்சிருக்கு. சொல்லலாமா வேணாமான்னு மூணு நாளா யோசிக்கிறேன்." மீதியை இன்றுவரை யாருக்கும் காட்டவில்லை. படித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஃபாதர், நாளைக்கு ஓல வாசிச்சிருங்க."

எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தில் அருளின் காலில் விழுந்திருப்பேன். அதற்குள் அம்மா என் காதைப் பிடித்துவிட்டாள். அவள் கவலை அவளுக்கு. அந்தச் செபமெல்லாம் எங்கே போயிருக்கும் என்று ஃபாதரிடம் கேட்டாள். போகவேண்டிய இடத்துக்குப் போயிருச்சும்மா, இல்லன்னா மாப்பிள்ள இன்னைக்கு வாயத் தொறந்திருப்பாரா என்றார் ஃபாதர். அம்மாவுக்கு மனம் ஆறியது. எனக்குத்தான் ஆறவில்லை, ஏனென்றால் ஃபாதர் எனக்கும் மூன்று நாள் ஐம்பத்து மூன்று மணி கொடுத்தார், முழங்காலில். போகும்போது கார்டுக் கட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அருள் அன்றைக்கே ஏணி கொண்டுவந்து எங்கள் ஏர்கானை நிமிர்த்தினார்.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. இன்றைக்கும் என் பெயருக்குப் பார்சல் வந்தால் அம்மாதான் பிரிப்பாள். போன மாதம் வந்த காலுறையைக்கூட விரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். பண்டிகைக்குச் சொந்தக்காரர்கள் கூடினால் யாராவது ஒருவர், சேவி, எனக்குள்ள எத்தன பொண்ணுங்க இருக்காங்கன்னு பாத்துச் சொல்லேன் என்று நெஞ்சைக் காட்டாமல் இருப்பதில்லை. கதையைச் சொல்வது எப்போதும் அருள் அத்தான்தான். போன கிறிஸ்மஸுக்கு ஜாசின் வீட்டு ஏர்கானில் தொடங்கியவர், கேஸ் அடைக்கும் முறை, கம்ப்ரஸர் வகைகள் என்று போய், ஒரு மணி நேரம் ஆகியும் இரண்டாவது பெண்ணுக்கு வந்து சேரவில்லை. அக்கா என் பக்கம் சாய்ந்தாள்.

"டேய், இந்த மனுசன் வாய மூட வைக்கிற மாதிரி உன் கட்டுல ஏதாச்சும் கார்டு இருந்துச்சா?"

எனக்குத் தெரிந்து இல்லை என்றேன்.

"இருந்தாலும் எடுத்துறாத," என்று சொல்லிவிட்டு, அத்தானுக்கு இன்னொரு கோப்பை தேத்தண்ணி ஊற்றப் போனாள்.