காற்றுக்குத் தெரியாத பிரேக்

இந்தச் சைக்கிள் பந்தயத்தில் பிரேக் எதற்கு? நிமிடத்துக்கு ஒருவராகக் கிளப்பிவிடுகிறார்கள். தனியாகப் போய், ரவுண்டானாவைச் சுற்றி, தனியாகத் திரும்புகிறோம். கடிகாரம் மட்டும்தான் எதிரி. நிற்பதற்கென்று யாரும் கிளம்புவதில்லையே.

ஹெட்டி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சமையலறைத் தரையில் அவளுடைய பந்தய சைக்கிள் தலைகீழாகக் கிடந்தது. பக்கத்தில் அவள் கணவன் க்ளைவ் மண்டியிட்டிருந்தான்.

"பழைய பிரேக் காத்துல நீட்டிக்கிட்டு நிக்குது, கண்ணு. இந்தப் புது பிரேக் காலிபர், முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஃபோர்க்குக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும். காத்துக்கே தெரியாது. கைப்பிடியும் பாரு, கத்தி மாதிரி மெல்லிசு."

"பந்தயத்துக்குக் கிளம்புற நேரத்துலதான் மாத்தணுமா?"

"உனக்கு அந்த நாலு செகண்ட் வேணுமா, வேண்டாமா?"

வேண்டும். பத்து மைலில் க்ளைவின் சிறந்த நேரத்தைவிட அவளுடையது நான்கே விநாடி அதிகம். அதைத் தாண்டத்தான் போன குளிர்காலம் முழுக்க கார் ஷெட்டில் நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதித்தாள். இன்றைக்கு விட்டால் இந்த ஆண்டு வேறு பந்தயம் இல்லை.

க்ளைவ் பழைய ஒயரை உருவினான். உருவிய பிறகுதான், புது ஒயருக்கு வழிகாட்ட உள்ளே எதையும் விட்டுவைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஹேண்டில்பாருக்குள் போன ஒயர் வெளியே வரவில்லை.

"வேக்குவம் கிளீனர் எடு. ஒரு நூலை உறிஞ்சி எடுத்து, அதுல ஒயரைக் கட்டி இழுத்துடலாம்."

நூல் வந்தது. அருகில் வைத்திருந்த காலிபரின் திருகும் சேர்ந்து போனது. தூசிப் பையைக் கிழித்தார்கள். திருகு கிடைத்தது. தூசி ரொட்டியிலும் ஜாமிலும் பூனையின் மேலும் படிந்தது.

"இப்போ பிடிச்சுப் பாரு."

ஹெட்டி வலது கையை அழுத்தினாள். பின்சக்கரம் நின்றது.

"க்ளைவ், மாறியிருக்கு. வலது கைக்குத்தானே முன் பிரேக்?"

"கூட வந்த படத்துல இப்படித்தான் போட்டிருக்கு."

"அது கடலுக்கு அந்தப் பக்கத்துக்காரங்களுக்குப் போட்ட படம்! அவங்களுக்கு இடது கைலதான் முன் பிரேக்!"

மாற்றினான். ஏற்கெனவே வெட்டியிருந்த ஒயர் இப்போது எட்டவில்லை. இழுத்துக் கட்டினான். பிரேக் கட்டைகள் சக்கரத்தை உரசின. தளர்த்தினால் பிரேக் பிடிக்கவே இல்லை. இரண்டு பிரேக்கும் பிடித்தால்தான் சைக்கிளைப் பந்தயத்தில் விடுவார்கள். மறுபடி இறுக்கினான்.

"ஓட ஓடச் சரியாயிடும்," என்றான்.

ஊர்க் கூடத்தில் பெயர் கொடுத்து, முதுகில் பந்தய எண் அட்டையைக் குத்திக்கொண்டாள். தேநீர் மேசையில் நார்மா கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் அவளும் பந்தயம் ஓட்டியவள்.

"புது பிரேக்கா, ஹெட்டி?"

"க்ளைவ் மாத்திக் குடுத்தான்."

நார்மாவின் கத்தி பாதிக் கேக்கில் நின்றது. "ஓ," என்றாள்.

புறப்படும் இடத்தில் அவள் சைக்கிளின் இருக்கையைப் பிடித்து நின்றவர் குனிந்து பார்த்தார். "என்னமோ உரசுதேம்மா?"

"ஓட ஓடச் சரியாயிடும்." தன் வாயிலிருந்து க்ளைவ் பேசியது அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

சரியாகவில்லை. வழி நெடுக 'ஸ்ஸ்ஸ்' என்று யாரோ அவளை அதட்டிக்கொண்டே வந்தார்கள். அவளுக்கு அடுத்துக் கிளம்பிய எழுபது வயதுக்காரர் பாதி வழியில் பிடித்துவிட்டார். "மழை வராதுன்னு நினைக்கிறேன்," என்று சாவகாசமாகச் சொல்லிவிட்டுக் கடந்து போனார்.

நான்கு விநாடி குறைய வேண்டிய இடத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் கூடிப்போனது. குறை பிரேக்கிலா, தன் காலிலா? பொழுது விடிந்ததிலிருந்து தரையில் மண்டியிட்டுக் கிடந்தவனைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. தன் கால்களையே திட்டிக்கொண்டாள்.

"மனசை விடாதே, கண்ணு," என்று, அவள் சைக்கிளைத் தேநீர் மேசை வரை தள்ளிவந்த க்ளைவ் அவள் தோளைத் தட்டினான். அவன் முகம் மலர்ந்திருந்தது. "இனி குளிர்காலம் பூரா இருக்கு. சைக்கிளை என்கிட்ட விட்டுடு. மொத்தமா பிரிச்சுச் சரி பண்ணிடறேன்."

நார்மா தேநீரை ஊற்றினாள்.

"எனக்கும் இவன்தான் பிரேக் மாத்திக் குடுத்தான்," என்றாள், சர்க்கரையை நகர்த்தியபடி. "இவனைத் தாண்ட எனக்கு மூணு செகண்ட் பாக்கி இருந்தப்போ."

க்ளைவ் கேக்கில் இருந்த திராட்சையை ஆராயத் தொடங்கினான்.

ஹெட்டி தேநீரை முழுவதும் குடித்தாள். பிறகு ஹேண்டில்பாரின் மேல் இருந்த அவன் கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

"வேண்டாம், க்ளைவ்."