ஐந்து கம்ப்யூட்டர், பதினோரு மணி

மணி ஒன்பது பத்து. ஐந்தாவது கம்ப்யூட்டரின் பொத்தானை மெக்கானிக் ஆள்காட்டி விரலால் அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. கட்டைவிரலால் அழுத்தினார். கட்டைவிரலுக்கும் அது மசியவில்லை.

"என்னங்க, அஞ்சும் ஓடுதா?" அடுத்த அறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஓடுது, ஓடுது. ஒண்ணு மட்டும் லேசா சிணுங்குது."

முப்பத்தாறு வருடம் லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். "ஊரையே மேல தூக்கிக் கீழ இறக்கினவன், அஞ்சு பெட்டியை எழுப்ப மாட்டேனா?" என்று மார்தட்டி, சல்லிசான பாகங்களாகத் தேடிப் பிடித்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி ஐந்து கம்ப்யூட்டர்களைப் பொருத்தியிருந்தார். அதற்குப் பிடித்த மூன்று வாரமும் குடும்பம் நின்றுகொண்டே சாப்பிட்டது.

எல்லாம் மனைவி நடத்தும் சேவைக்காக. நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி இரவல் தரும் சேவை அது. நாற்காலிகள் சுவர் ஓரம் அடுக்கிக் கிடந்தன. கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் வண்டி இல்லை. ஒரு பெரிய அறக்கட்டளை வண்டி தருவதாகச் சொல்லியிருந்தது. ஒரே நிபந்தனை: அலுவலகத்தில் ஐந்து கம்ப்யூட்டர் ஓட வேண்டும். ஆய்வாளர் அம்மா பதினோரு மணிக்கு வருகிறார். நாலுதான் ஓடுகிறது என்றால் வண்டி வேறு யாருக்கோ போய்விடும்.

மெக்கானிக்குக்குப் பவர் சப்ளை மேல் சந்தேகம். உள்ளே மின்சாரத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கும் தகரப் பெட்டி அது. அதைக் கழற்றி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாலாவது கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார்.

'டப்' என்றது. மெல்லிய புகை ஒன்று எழுந்து விடைபெற்றது.

"பார்த்தியா? நான் சொன்னது சரி. இந்தப் பெட்டிதான் கோளாறு!" என்றார் மெக்கானிக் வெற்றியோடு.

பக்கத்தில் நின்ற மச்சினன் புகையைக் கையால் விலக்கினான். மனைவியின் தம்பி அவன்; டிவி கடை வைத்திருப்பவன். "அது சரி அத்தான். இப்ப நாலாவது?"

"ஒருவேளை நாலாவதுலயே கோளாறு இருந்திருந்தா? லிஃப்ட்ல ஒரு சத்தம் வந்தா நாங்க மூணு மாடியிலயாவது நின்னு கேட்போம் மாப்ளே. அவசரப்படக் கூடாது."

மூன்றாவதில் மாட்டினார். டப். இரண்டாவதில் மாட்டினார். டப். இந்த முறை பொறி பறந்து, மெக்கானிக்கின் இடது மீசை முனை பொசுங்கியது.

"மூணு மாடியும் ஆச்சு," என்றபடி அவர் முதலாவதை நோக்கி நகர, மச்சினன் பாய்ந்து அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"அத்தான்! இதுல கை வெச்சீங்க, நான் மனுஷனா இருக்க மாட்டேன்!"

மனைவி உள்ளே வந்தார். புகையைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார்.

"எத்தனை?"

"ஒண்ணு," என்றார் மெக்கானிக்.

"ஒண்ணு ஓடலையா?"

"ஒண்ணு ஓடுது."

மனைவி கத்தவில்லை. அதுதான் பயங்கரம். நாற்காலி ஒன்றில் மெல்ல உட்கார்ந்தார். "இடுப்பு எலும்பு உடைஞ்ச அந்த டீச்சர் நாலு மாசமா ஒரே ஜன்னலைப் பார்த்துட்டுக் கிடக்காங்க. இன்னைக்குச் சாயந்திரம் நாற்காலி வந்துடும்னு சொல்லிட்டேங்க. அவங்க தலை சீவி உட்கார்ந்திருப்பாங்க."

மெக்கானிக் பொசுங்கிய மீசையைத் தடவினார்.

மச்சினன்தான் வாயைத் திறந்தான். "அக்கா, என் கடையில ஒரே படம்தான் எட்டு டிவியிலயும் ஓடும். அதுக்கு ஒரு சின்னப் பெட்டி இருக்கு. ஓடிப் போய் எடுத்துட்டு வரட்டுமா?"

பத்து ஐம்பதுக்கு ஏற்பாடு முடிந்தது. உயிரோடிருந்த ஒரே கம்ப்யூட்டர் அலமாரிக்குப் பின்னால் பதுங்கியது. அதிலிருந்து, மச்சினனின் சின்னப் பெட்டி வழியாக, ஐந்து திரைகளுக்கும் வயர் போனது. செத்த நாலும் மேசைகளுக்கடியில் கம்பீரமாக நின்றன. மனைவியின் கீபோர்டுக்கு மட்டும்தான் உயிர். மச்சினனும், சேவைக்கு உதவ வரும் மூன்று தொண்டர் பெண்களும் மற்ற மேசைகளில் உட்கார்ந்தார்கள்.

"அக்கா அடிக்கிறதுதான் எல்லார் ஸ்க்ரீன்லயும் வரும். நாம சும்மா தட்டணும், அவ்வளவுதான்," என்றான் மச்சினன்.

ஆய்வாளர் அம்மா சரியாகப் பதினோரு மணிக்கு வந்தார். சிரிப்பை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வந்த முகம். பின்னால் கோப்புகளைச் சுமந்து ஓர் உதவியாளர். அந்த அம்மா நேராக மச்சினன் பின்னால் போய் நின்றார்.

"ஒரு நன்றிக் கடிதம் அடிங்க. பெருமதிப்பிற்குரிய ஐயா..."

மூன்று மேசை தள்ளி மனைவியின் விரல்கள் பறந்தன. மச்சினன் கண்டபடி தட்டினான். எழுத்துகள் முத்து முத்தாக வந்தன.

"ஒரு பிழைகூட இல்லையே!"

பள்ளிக்கூடத்தில்கூட இந்த வார்த்தையைக் கேட்டிராத மச்சினன், பூரித்துப் போய் இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டான். கடிதம் அதுபாட்டுக்குத் திரையில் ஓடிக்கொண்டிருந்தது.

"அவர் வேகத்துக்கு மெஷின் ஈடு கொடுக்கல, மேடம்," என்று மெக்கானிக் குறுக்கே பாய்ந்தார். "அடிச்சதெல்லாம் இப்பதான் வந்து சேருது."

அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு தொண்டர் பெண்ணிடம் திரும்பினார். "நீங்க நாற்காலிப் பட்டியலைத் திறங்க. தம்பி, நீங்க கடிதத்தை நிறுத்த வேண்டாம்."

மனைவியின் நெற்றியில் வியர்வை அருவி. திரையை இரண்டாகப் பிரித்தார்: பாதியில் கடிதம், பாதியில் பட்டியல். ஐந்து திரைகளும் ஒன்றுபோல் பிளந்துகொண்டன.

"எல்லா ஸ்க்ரீன்லயும் ரெண்டும் தெரியுதே?"

"ஒருத்தர் வேலை எல்லாருக்கும் தெரியணும், மேடம்," என்றார் மனைவி. "எங்ககிட்ட ஒளிவு மறைவே கிடையாது."

அந்த நேரம் பார்த்து உதவியாளர் குனிந்தார். தரையில் ஓடிய வயர் ஒன்றைக் கண்ணால் தொடர்ந்து, காலால் தொடர்ந்து, அலமாரிக்குப் பின்னால் போனார். மெக்கானிக் ஓடிப் போவதற்குள் காரியம் கெட்டுவிட்டது. உதவியாளர் ஒற்றைக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். ஐந்து வயர்களை விரல் விட்டு எண்ணினார். மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தார். மெக்கானிக் இரண்டு கைகளையும் கூப்பினார்.

"அங்க என்ன? எல்லாம் சரியா இருக்கா?" என்றார் அந்த அம்மா.

உதவியாளர் அலமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார்.

"சரியா இருக்கு, மேடம்."

அந்த அம்மா கையெழுத்துப் போட்டார். "வண்டி மத்தியானமே வந்துடும்," என்று சொல்லிவிட்டு வெளியேறினார். மனைவி முகத்தை மூடிக்கொண்டு விசும்பினார். ஆய்வு முடிந்தது தெரியாமல் தொண்டர் பெண்கள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

கதவு மறுபடி திறந்தது. உதவியாளர், தனியாக. உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

மெக்கானிக் கையைப் பிசைந்தார். "ஐயா, ஒரே வாரத்துல மிச்ச நாலையும் சரி பண்ணிடுவேன். அந்த வண்டியை மட்டும்..."

உதவியாளர் குரலைத் தாழ்த்தினார். "அதை விடுங்க. நாளைக்கு எங்களைப் பார்வையிட மேலிடத்துலேருந்து வர்றாங்க, எங்க தலைமை ஆபீஸ்ல ஒரே கம்ப்யூட்டர்ல முப்பது ஸ்க்ரீன் மாட்டியிருக்கோம், பன்னிரண்டு ஸ்க்ரீனுக்கு மேல எரிய மாட்டேங்குது, கொஞ்சம் வந்து பார்க்கிறீங்களா?"