விண்கலத்தைத் தின்ற டேப்ரிகார்டர்

"அம்மா, என் விண்கலம் எங்கே?"

"என்னைக் கேட்டா? வானத்துல போய்ப் பாருடா!"

சுவரில் காதை ஒட்டவைக்கும் சிரமமே அக்கம்பக்கத்தாரான எங்களுக்கு இல்லை. அந்தக் குடியிருப்பில் சுவர்கள் அப்படி. நாலாம் மாடியில் ஃபுசாயே அம்மாளும் மகன் தொஷியுகியும் கத்தினால் கீழே சைக்கிள் கொட்டகை வரை கேட்கும்.

தொஷியுகிக்கு வயது முப்பத்திரண்டு. சோயா சாஸ் ஆலையில் கணக்கு வேலை. கல்யாணம் ஆகவில்லை, கம்ப்யூட்டர் ஒன்று வாங்கியிருந்தான். வீட்டில் இருந்த ஒரே டிவியில் அதை மாட்டி, அம்மாவின் காலைத் தொடரைக் கெடுத்து, கோடை முழுக்க ஒரு விளையாட்டு எழுதினான். மேலிருந்து எதிரிக் கலங்கள் இறங்கும், கீழிருந்து நாம் சுட வேண்டும். எதிரிகள் எல்லோருக்கும் அவன் மேனேஜருடைய மூக்கு.

ஒரு பத்திரிகைப் போட்டிக்கு அதை அனுப்ப அன்றுதான் கடைசி நாள். முதல் பரிசு, விளையாட்டுக் கம்பெனியில் வேலை. ஆலையிலிருந்து தப்பிக்க அவனுக்கிருந்த ஒரே வழி. மெஷினை அணைத்தால் எழுதியதெல்லாம் அதற்கு மறந்துவிடும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்கள் எழுதியதைச் சத்தமாக மாற்றிப் பாட்டுக் கேசட்டில்தான் பதித்து வைக்கும்; அவனுடையது எல்லாம் ஒரே ஒரு கேசட்டில்தான் இருந்தது.

"மேசை மேல இருந்த கேசட்டா? ஓபொன் திருவிழா ஆட்டத்துக்குப் பாட்டுன்னு தலைவர் வீட்டுல குடுத்துட்டேனே. காகிதம் சுத்தி, கயிறு கட்டி!"

"ஐயோ! போய்த் திருப்பி வாங்கிட்டு வாம்மா!"

"காகிதம் சுத்திக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா? அதுக்கு நாம வீட்டைக் காலி பண்ணிடலாம்!"

அவனே கிளம்பினான். குடியிருப்புச் சங்கத் தலைவர் காஜிவாரா வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா? முலாம்பழம் வாங்கினான். பனியனோடு போகக்கூடாதென்று அம்மா கோட்டு சூட்டை மாட்டிவிட்டாள். நாள்காட்டியில் அன்று நல்ல நாள் என்று போட்டிருந்ததை அவன் பார்க்கவில்லை. நாங்கள் பார்த்தோம்.

தலைவரின் மனைவி நொபுகோவும் பார்த்தாள். சூட்டு, முலாம்பழம், நல்ல நாள்.

"கியோமி! நல்ல யுகாட்டாவா உடுப்பு மாத்திக்கிட்டு வாடி!" என்று மகளுக்குக் குரல் கொடுத்தாள்.

"நான் ஒரு விஷயமா..."

"தெரியுதே, உக்காருங்க தம்பி!"

தலைவர் விசிறியைக் கீழே வைத்தார். "வேலை நிரந்தரம்தானே?"

"நிரந்தரம்தான். ஆனா அந்தக் கேசட்..."

"பாட்டு பிடிக்குமா? கியோமிக்கும் உசுரு! எலக்ட்ரிக் கடையில வேலை. அதிகம் பேசமாட்டா."

"ரொம்ப... நல்லதுங்க."

முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லும் வளர்ப்பு அவனுடையதல்ல. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு ஆட்டலுக்கும் கல்யாணம் ஒரு படி ஏறியது.

"சம்பந்தி அம்மா குடுத்த பாட்டை இப்பவே போட்டுப் பாத்துடுவோம்!" என்று எழுந்து, முற்றத்து ஒலிபெருக்கியோடு இணைத்திருந்த டேப்ரிகார்டரில் கேசட்டைப் போட்டார் தலைவர்.

பொத்தானை அழுத்தினார்.

பீஈஈஈ... கர்ர்ர்... கீஈஈ...

ஈயப் பாத்திரத்தை யாரோ ரம்பத்தால் அறுப்பது போல. நாய்கள் ஊளையிட்டன. பூகம்ப எச்சரிக்கை என்று மூன்றாம் மாடிக்காரர் தலையில் ஹெல்மெட்டும் இடுப்பில் அரைக்கால் உள்ளாடையுமாக இறங்கி ஓடிவந்தார். தலைவர் கைகால் ஓடாமல் நின்றார். கியோமி மட்டும் யுகாட்டாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாய்ந்து போய் டேப்ரிகார்டர் மேல் கவிழ்ந்தாள்.

அவள் நிமிர்ந்தபோது கையில் நூடுல்ஸ் மாதிரி நாடா தொங்கியது.

"மெஷின் கடிச்சிடுச்சு," என்றாள் தலை குனிந்து.

தொஷியுகி மண்டியிட்டுப் பென்சிலால் சுற்றிப் பார்த்தான். நாடா கசங்கி, இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. தபாலாபீஸும் மூடிவிட்டது. அவன் விம்மி விம்மி அழுதான்.

நொபுகோ உருகிப்போனாள். "பொண்ணு கிடைச்சதுக்கு இப்படி அழற மாப்பிள்ளையை நான் பாத்ததே இல்ல!"

இதற்கப்புறம் எப்படி மறுப்பது? செர்ரி பூத்ததும் கல்யாணம் நடந்தது. அந்தப் பத்திரிகையை அவன் பிறகு தொடவே இல்லை. கொஞ்ச நாளில் கியோமிக்கு சப்போரோ நகரத்தில் ஏதோ வேலை கிடைக்க, அவனும் ஆலைக்கு முழுக்குப் போட்டுவிட்டுக் கூடவே போனான். ஃபுசாயே அம்மாளுக்கு டிவி திரும்பக் கிடைத்தது.

சாமான் லாரி போனதும் நான் நொபுகோவிடம் கேட்டேன்: "பாவம், உங்க மெஷின் அன்னைக்குக் கடிக்காம இருந்திருந்தா மாப்பிள்ளை எங்கேயோ போயிருப்பார், இல்லே?"

"மெஷின் எங்கே கடிச்சுது? சத்தத்தைக் கேட்டதுமே என்னன்னு புரிஞ்சுக்கிட்டு கியோமிதான் விரலை விட்டு உருவினா. அதே போட்டிக்கு அவளும் ஒரு விண்கலம் அனுப்பியிருந்தாளே, சப்போரோ வேலை பின்னே எப்படி வந்துச்சுங்கறீங்க?"